இரண்டாவது படி எங்கள் துறை இல்லை

சூப்பர்வைசர் பதவி தருவதாக டை சார் சொன்னதும் மடிப்பு அக்கா முதலில் கேட்டது, "சம்பளம் எவ்வளவு சார் ஏறும்?" என்று. யாரும் கேட்கக்கூடிய கேள்வி. அவர் தொகையைச் சொன்னார். அக்கா மேலே பார்த்து மனசுக்குள் ஏதோ கூட்டினாள், கழித்தாள். பிறகு அவள் கேட்டது டை சார் போய்வந்த எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தராத கேள்வி.

"இதைவிடக் கொஞ்சம் கம்மியாக் குடுக்க முடியுமா சார்?"

அது ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் தள்ளுவண்டியில் மலை மலையாக வரும். வெளுத்து, உருளையில் தேய்த்து, மடித்து, கட்டுக்கட்டாகத் திரும்பிப் போகும். கொதிகலன் விடுகிற ஆவியில் கூரையே வியர்க்கும். அந்த வெக்கையிலும் மேலாளர் கழுத்தில் டை இல்லாமல் வந்ததில்லை. காலையில் அவரைப் போலவே விறைப்பாக வருகிற டை மத்தியானத்துக்குள் வதங்கிய கீரைத்தண்டாகத் தொங்கிவிடும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது அவருக்கே அது ஞாபகம் வந்தால் உண்டு.

மடிப்பு அக்காவின் பெயர்க்காரணம் இன்னும் சுலபம். மடிப்பு மேசையில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே நின்றாள். நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை உறையை மடிக்கச் சொன்னால் மற்றவர்கள் பாம்பு பிடிக்கிற மாதிரி மல்லுக்கட்டுவார்கள். அவள் பேச்சை நிறுத்தாமலே மடித்துவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

"கிண்டலா?" என்றார் டை சார்.

"இல்ல சார். நிஜமாத்தான் கேக்கறேன்."

டை சார் நாற்காலியில் சாய்ந்து புன்னகை செய்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைப் பலகையில், பயிற்சியில் கேட்டு எழுதிவைத்த வாசகம் ஒன்று இருந்தது: முதல் மறுப்பு மறுப்பல்ல, பேரத்துக்கான அழைப்பு. இப்படிப் பேரம் பேசத் தெரிந்த ஓர் ஆள் தன் மடிப்பு மேசையிலேயே இருப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"புரியுது. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். அக்கா நெஞ்சில் கைவைத்தாள்.

"ஐயோ! இன்னும் மேல போயிட்டீங்களே சார்!"

உள்ளபடி காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் போன ஆண்டு விழாவில் இதே டை சார் மைக்கைப் பிடித்து, "உழைக்கும் கைக்கு இலவசம் ஓர் அவமானம்" என்று நெடுநேரம் முழங்கியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அன்று காலைதான் அந்த அவமானத்தைப் புதுப்பித்துவிட்டு வந்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கை தட்டினார்கள்.

வேலை செய்கிற, ஆனால் செய்தும் போதாத குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவி அது. அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் எல்லாரும் 'ஆதரவு' என்பார்கள். மாதாமாதம் கொஞ்சம் பணம். அக்காவுக்கு அந்தப் பணத்தைவிடப் பெரிய விஷயம், அதோடு சேர்ந்து வருகிற குழந்தைகள் காப்பக இடம். இரண்டு வயதுக் குட்டி பகலெல்லாம் அங்கேதான் இருந்தது. கட்டணம் கட்டிச் சேர்ப்பதென்றால், டை சார் தருவதாகச் சொன்ன உயர்வைப் போல மூன்று மடங்கு வேண்டும்.

அரசாங்கம் எங்கோ ஒரு கோடு போட்டிருந்தது. குடும்ப வருமானம் ஒரே ஒரு மாதம் அந்தக் கோட்டைத் தாண்டினால் போதும், இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். திரும்பவும் வேண்டுமென்றால் வரிசையின் வாலில் போய் நிற்கவேண்டும். வரிசை நகர்வதற்குள் குட்டி பள்ளிக்கூடத்துக்கே போய்விடும். அக்காவின் சம்பளமும் வேன் ஓட்டுகிற அவள் புருஷனின் சம்பளமும் சேர்ந்து அந்தக் கோட்டை முட்டிக்கொண்டு நின்றன. டை சார் அன்பாக ஊதினாலே அந்தப் பக்கம் விழுந்துவிடும்.

அன்று சாயங்காலம் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறும்போதே கீழ்வீட்டுக்காரர், "சூப்பர்வைசரம்மா, வாழ்த்துக்கள்!" என்றார். முதல் மாடியில் இன்னொரு வாழ்த்து. இரண்டாம் மாடியில் ஒரு பாட்டில் குளிர்பானமே நீண்டது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஹாரன் வீட்டுக்கு வந்தாயிற்று.

ஹாரன் என்பது அவள் புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வண்டியில் இருக்கிற ஹாரன் ரிப்பேரானால்கூட யாரும் கவலைப்படமாட்டார்கள். எதையும் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஊருக்குச் சொன்ன பிறகுதான் அவனுக்கே விஷயம் விளங்க ஆரம்பிக்கும். ஆலை வாசலில் காவலுக்கு நிற்கிறவன் இவனுக்கு நண்பன். செய்தி அக்காவுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது.

"யாரைக் கேட்டுங்க ஊரெல்லாம் சொன்னீங்க?"

"எதுக்குக் கேக்கணும்? என் பொண்டாட்டி சூப்பர்வைசர். சொல்லக் கூடாதா?"

"நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

ஹாரன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் திரும்ப மாட்டிக்கொண்டான். பெரிய சண்டைக்கு வெற்றுடம்போடு நிற்பது அவனுக்குப் பிடிக்காது.

"வீடு தேடி வர்ற சீதேவியை எட்டி உதைக்கிறியே! படிச்சவன் கேட்டா சிரிப்பான்."

"படிச்சவன் வந்து குட்டியைப் பாத்துக்குவானா? கோடு தாண்டிடும்ங்க."

"கோடு, கோடு! எப்பப் பாரு கோடு. மனுஷன் முன்னேறவே கூடாதா?"

மூலையில் பழைய பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்த அவன் தங்கை தலையை நிமிர்த்தினாள். கீழ்த்தளத்தில் குடியிருந்தாலும் பகலில் பாதி இந்த வீட்டில்தான். "நாங்க முன்னேறினோமே அண்ணா, பாத்தியே" என்றாள்.

அவள் கதை அந்தக் கட்டடத்துக்கே தெரியும். அவள் புருஷன் ஒரு வங்கியில் காவலாளி. ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் நின்றதற்காக வங்கி மனம் குளிர்ந்து 'விசுவாச ஊக்கத்தொகை' கொடுத்தது. அந்த மாதம் கோடு தாண்டியது. காப்பக இடம் போயிற்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இவள் ரொட்டிக் கடை வேலையை விட்டாள். ஒரு சம்பளம் நின்றதும் வருமானம் கோட்டுக்கு வெகு கீழே இறங்கியது. சரி, இப்போதாவது தருவார்கள் என்று போய்க் கேட்டால், "இது வேலை செய்கிற குடும்பங்களுக்கான திட்டம். நீங்கதான் வேலைக்குப் போகலையே" என்றார்கள்.

"பாராட்டி ஒரு கேடயமும் குடுத்தாங்க அண்ணி" என்றாள் நாத்தனார், நூலைப் பல்லால் கடித்து. "அதைத்தான் கதவு அடிச்சுக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கேன்."

ஹாரன் பதில் சொல்லவில்லை. ஆனால் அவன் பேசாமல் இருக்கிறான் என்றால் ஏதோ செய்யப்போகிறான் என்று அர்த்தம். இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியும் அக்கா அதைக் கவனிக்கத் தவறினாள்.

அவள் மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு ஆதரவு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் ஜலதோஷத்தோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே பெரிய படம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லாப் பற்களும் தெரிய ஒரு மாடிப்படியில் கால் வைக்கிறார்கள். கீழே, 'முன்னேற்றத்தின் முதல் படி!'

"மேடம், சம்பளம் கொஞ்சம் ஏறினா என்ன ஆகும்?"

"ரொம்ப சந்தோஷம். வாழ்த்துக்கள்."

"குழந்தையோட இடம்?"

"அது போயிடும்."

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்க மாட்டீங்களா?"

"பணத்தைக் குறைக்கலாம். குழந்தையை எப்படிக் குறைக்கிறது? பாதிக் குழந்தையை உள்ள வச்சுக்க முடியுமா?" ஜன்னலம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கேலியாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. விதிகளில் அப்படித்தான் இருக்கும்போல.

"முதல் படின்னு போட்டிருக்கே மேடம். அப்போ ரெண்டாவது படி?"

ஜன்னலம்மாள் திரும்பி அண்ணாந்து பார்த்தார். அந்தப் படத்தை அவர் படித்ததே அன்றுதான் என்று தோன்றியது.

"ரெண்டாவது படி எங்க துறை இல்லைங்க."

"எந்தத் துறை?"

"அது எனக்குத் தெரியாது. இருந்தா எனக்கும் சொல்லுங்க." பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாருங்க, தாண்டுறதா இருந்தா ஒரேயடியாத் தாண்டணும். ரெண்டு அடி தாண்டினீங்கன்னா பள்ளத்துலதான் விழுவீங்க."

"அவ்வளவு தூரம் தாண்டுற அளவுக்கு எங்க மேனேஜருக்குக் கை நீளாதும்மா."

"அப்போ பணமா வாங்காதீங்க. நேரமா வாங்குங்க. அதே சம்பளம், சீக்கிரம் வீட்டுக்குப் போறேன்னு கேளுங்க. ஆனா ரொம்பக் குறைச்சிடாதீங்க. நேரத்துக்கும் ஒரு கோடு இருக்கு. அதுக்குக் கீழ போனா, நீங்க வேலை செய்யறவங்களே இல்ல."

மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அக்கா அதில் படுத்துக்கொள்ளத் தயாராகத்தான் திரும்பினாள். ஆனால் ஆலையில் டை சார் கையில் சிக்கவில்லை. நாளைக்கு ஆண்டு விழா, முதலாளி வருகிறார். மடிப்புக்கூடத்தில் தேய்ப்பு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டி, மறுநாள் ஓட்டலுக்குப் போகவேண்டிய மேசை விரிப்புகளை அதன்மேல் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒரே நிமிஷம். அந்தச் சம்பள விஷயம்…"

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்று டை சார் கண்ணடித்தார். அவர் கண்ணடித்து அவள் பார்த்ததில்லை. "நாளைக்கு."

விழாவுக்குக் குடும்பத்தோடு வரலாம் என்றிருந்தார்கள். ஹாரன் முதல் வரிசையில், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். மேடையில் முதலாளி. எல்லாரும் பெரியவர் என்பார்கள். ஆலை தொடங்கிய கதையைப் பெரியவர் சொன்னார். வருடத்துக்கு வருடம் அதில் அவர் துவைத்த துணி கூடிக்கொண்டே போயிற்று. பிறகு டை சார் மைக்கைப் பிடித்தார்.

"நம்மிடையே ஒரு பெண்மணி இருக்கிறார். பதவியைத் தேடிப் போகாதவர். தேடி வந்தபோதும் கூச்சத்தால் மறுத்தவர்! சபையில் வைத்துக் கொடுத்தால் மறுக்கமாட்டார் என்று அவருடைய கணவரே என்னிடம் வந்து சொன்னார்…"

அக்கா முதல் வரிசையைப் பார்த்தாள். ஹாரன் குட்டியின் கையைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தான்.

கை தட்டல்களே அவளை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போயின. சூப்பர்வைசர் பதவி, அவள் மறுத்ததைவிடப் பெரிய சம்பளம், போதாக்குறைக்குக் கையோடு ஓர் உறை. பெரியவர் உறையை நீட்டினார். புகைப்படக்காரர் குனிந்தார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்த உறையில் தெரிந்ததெல்லாம் நாத்தனார் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கேடயம்தான்.

மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"கேஷியர் அண்ணே! இது சம்பளச் சீட்டுல ஏறிடுச்சா?"

கூடம் முழுக்க எதிரொலித்தது. கடைசி வரிசையிலிருந்து கேஷியர் எழுந்து, "இன்னும் ஏறலைம்மா. நாளைக்குத்தான்" என்றார்.

"அப்போ ஏத்தாதீங்க! உறையும் வேணாம், உயர்வும் வேணாம்."

"ஏம்மா, என்ன குறை?" என்றார் பெரியவர்.

"குறையே இல்லைய்யா. அதான் பிரச்சினை. இதை வாங்கினா என் குழந்தைக்குக் காப்பகத்துல இடம் போயிடும். நான் ஆதரவு வாங்கறேன்."

சொல்லிவிட்டாள். டை சார் தன் டையைப் பார்த்தார். பிறகு உருளைப் பக்கமிருந்து ஒரு குரல், "நானும்தாங்க" என்றது. பொட்டலம் கட்டுகிற பக்கமிருந்து இன்னொன்று. வருடக்கணக்காக ஒருவரோடு ஒருவர் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள், ஒளித்து வைத்திருந்த அதே விஷயத்தை அன்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"சூப்பர்வைசர் வேலை செய்யறேன்யா. சம்பளம் அதே போதும். சாயங்காலம் கொஞ்சம் முன்னாடி விட்டுட்டீங்கன்னா, குழந்தையைக் கூட்டிக்குவேன்" என்றாள் அக்கா.

சம்பள உயர்வு கேட்காத சூப்பர்வைசரைப் பெரியவர் தன் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அங்கேயே சம்மதித்தார். சம்மதித்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"ஆமா, நான் குடுக்கிறது பத்தலைன்னா, மிச்சத்தை அரசாங்கம் குடுக்குதா?"

"கொஞ்சம் குடுக்குதுய்யா."

"இங்க எத்தனை பேருக்கு?"

கைகள் உயர்ந்தன. பெரியவர் எண்ணினார். எண்ண எண்ண அவர் முகத்தில் ஒரு தெய்வீகக் களை வந்தது. "இத்தனை வருஷமா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!" என்றார், ரொம்ப ஆதங்கத்தோடு. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹாரன் பேசவே இல்லை. மாடிப்படியில் மட்டும், "கூச்ச சுபாவம்னு சொன்னேன்ல, அது பொய்யாப் போச்சு" என்றான். அவ்வளவுதான் மன்னிப்பு. அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

இடம் போகவில்லை. அந்த மாதமும் சரி, அடுத்த மாதமும் சரி, குட்டி காப்பகத்தில் மற்ற பிள்ளைகளோடு மண்ணைத் தின்றுகொண்டு நிம்மதியாக இருந்தது. ஆலையில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது.

'நமது ஊழியர்களின் குடும்ப நலனைக் கருத்தில்கொண்டும், அவர்கள் பெற்றுவரும் அரசு உதவிகளுக்கு எவ்விதப் பங்கமும் நேராவண்ணமும், இவ்வாண்டு எவருக்கும் சம்பள உயர்வு வழங்கப்படமாட்டாது என்பதை நிர்வாகம் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது.'

கொதிகலன் அண்ணன் அதைப் படித்துவிட்டு நேராக மடிப்பு மேசைக்கு வந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷர். புருவம்கூட ஆவியில் வெந்து உதிர்ந்திருந்தது.

"எனக்குக் குழந்தையும் இல்ல, குட்டியும் இல்ல. ஆதரவும் இல்ல. எனக்கு ஏம்மா ஆப்பு வச்சே?"

"நான் என் குழந்தைக்காகத்தான் அண்ணே பேசினேன். வேற யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசல."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். அவர் களைப்பாகச் சொல்லிவிட்டு, கொதிகலனுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அக்கா கையிலிருந்த விரிப்பை மடிக்காமல் போட்டுவிட்டு டை சாரின் அறைக்குப் போனாள். அவள் ஒரு விரிப்பை அப்படிப் பாதியில் விட்டு யாரும் பார்த்ததில்லை.

"சார், ஆதரவு இல்லாதவங்களுக்காவது ஏத்திக் குடுக்கணும். கொதிகலன் அண்ணன் என்ன பாவம் பண்ணினாரு?"

"நோட்டீஸ்ல 'எவருக்கும்'னு போட்டிருக்கு."

"நீங்கதானே சார் போட்டீங்க?"

"பெரியவர் சொன்னார், போட்டேன். எவருக்கும்னா" என்று டை சார் நிறுத்தினார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "எவருக்கும்னா எனக்கும்தான்."

டை சார் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு பிள்ளைங்க. கடைசி, உங்க குட்டி வயசுதான்" என்றார். வெள்ளைப் பலகையைப் பார்த்தே பேசினார். "அந்த ஆதரவு… மேலாளர்னா குடுக்க மாட்டாங்களோ?"

"பதவியைக் கேக்க மாட்டாங்க சார். சம்பளத்தைத்தான் கேப்பாங்க."

டை சார் பெருமூச்சோடு முடிச்சைத் தளர்த்தினார். "அப்போ கிடைச்சிடும்."

அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அதை வாசலுக்கு வெளியே போய்ச் சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டாள்.

"ஆதரவு ஆபீஸ் ஜன்னலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் சார். அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலையில பெரியவர்கிட்ட போவோம். நீங்க, நான், கொதிகலன் அண்ணன். இந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லிக் கேப்போம். கேட்டுப் பாப்போம்."

"நானுமா?"

"நீங்க இல்லாம எப்படி? முதல் மறுப்பு மறுப்பில்லைன்னு எழுதி வச்சிருக்கீங்களே. ரெண்டாவது மறுப்பு வரைக்குமாவது நிக்கணுமில்ல." அவர் டையைக் கழற்றப்போவதைப் பார்த்து, "அது இருக்கட்டும் சார். நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டே வாங்க. பெரியவர்கிட்ட அது வேணும். ஜன்னல்லதான் வேணாம்" என்றாள்.

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய நேரம் முடிந்திருந்தது. ஒரு நிமிடம் அதிகமாக நின்றாலும் எந்தக் கோட்டில் போய் முட்டுமோ, யார் கண்டது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, குட்டியைக் கூட்டிவரக் கிளம்பினாள்.